கம்பெனி நாணயம் மீண்டும் தலை தூக்குகிறது!

பீளமேட்டில் அவினாசி ரோட்டோரம் ஒரு டீக்கடை. இரவு ஷிப்டு முடிந்து வெளியே வரும் தொழிலாளிகள் அங்கேதான் ஒதுங்குவார்கள். தலைமுடியில் பஞ்சுத் தூசி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு டீ, ஒரு வடை. சட்டைப் பையில் சில்லறை தேடுகிறவர்கள் இப்போது குறைவு. போனை எடுத்து, கல்லாப் பெட்டியில் ஒட்டியிருக்கும் கட்டத்துக்கு நேராகக் காட்டுகிறார்கள். பக்கத்திலிருக்கும் சின்னப் பெட்டி, பணம் வந்துவிட்டது என்று உரக்கக் கத்துகிறது.

சில நாட்களுக்கு முன் அங்கே ஒரு வயதான ஸ்பின்னிங் தொழிலாளி நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க தோழர், சம்பளமும் போனுலதான் வருது, டீக்குக் காசும் போனுலதான் போகுது. நடுவுல நான் காசைக் கண்ணாலயே பாக்கறதில்லீங்க. இந்தக் காசு சர்க்காருதுங்களா, கம்பெனிக்காரனுதுங்களா?"

பெரிய பெரிய பொருளாதார நிபுணர்கள் கேட்க மறந்த கேள்வி இது! பட்டம் பெற்றவர்கள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதி மறைக்கும் விஷயத்தை, நாற்பது வருஷம் கதிர் பார்த்த கை ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை.

இன்றைக்கு அந்தக் காசு ரூபாய்தான். உங்கள் பாங்குக் கணக்கில் இருப்பதும் ரூபாய், டீக்கடைக்காரர் கணக்குக்குப் போவதும் ரூபாய். ஆனால் அந்தக் காசு ஓடும் வாய்க்காலின் மதகடியில் கம்பெனிக்காரன் உட்கார்ந்துவிட்டான். மதகைப் பிடித்தவன் அடுத்தபடி என்ன கேட்பான்? தண்ணீரும் என்னுடையதே என்பான்! உலகத்தின் ஏகபோகக் கம்பெனிகளில் ஒன்று 2019-ல் பகிரங்கமாக அப்படிக் கேட்டது. அது தோற்றுப் போன கதையையும், அதே சூழ்ச்சி வேறு வேஷத்தில் திரும்பி வரும் கதையையும் ஒவ்வொரு மில் தொழிலாளியும், ஒவ்வொரு விவசாயக் கூலியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றும் ஒரு கம்பெனி இருந்தது

கம்பெனி நாணயம் நமக்குப் புதிதல்ல. வியாபாரம் செய்ய வந்த கிழக்கிந்தியக் கம்பெனி, 17-ம் நூற்றாண்டிலேயே சென்னைக் கோட்டையில் நாணயம் அடித்தது. 1835-ல் தன் ஆட்சிப் பரப்பு முழுவதற்கும் ஒரே வெள்ளி ரூபாயை வெளியிட்டது. அதில் பொறிக்கப்பட்டிருந்தது இங்கிலாந்து ராஜாவின் தலை. தராசைக் கொண்டு வந்தவன் நாணயத்தைக் கைப்பற்றினான். நாணயத்தைக் கைப்பற்றியவன் நாட்டை ஆண்டான்.

கடலைக் கடந்து இலங்கைக்குப் போன நம் ஜனங்களும் இதைக் கண்டவர்களே. 19-ம் நூற்றாண்டில் அங்கே காப்பி வியாபாரக் கம்பெனிகள் சொந்தமாகத் தகடு அடித்துக் கூலிக்காரர்களுக்குக் கொடுத்தன. கம்பெனி அந்தத் தகட்டை மாற்றிக் கொடுத்தால்தான் அது காசு. மாற்ற மறுத்தால் வெறும் தகடு! இங்கிலாந்திலும் ஆலை முதலாளிகள் இதே வித்தையைச் செய்தார்கள். கூலிக்குப் பதில் சீட்டு, அந்தச் சீட்டு செல்லும் ஒரே கடை முதலாளியின் கடை, அங்கே விலை வைப்பதும் முதலாளி. தொழிலாளிகளின் ஆத்திரம் பொங்கியது. 1831-ல் அங்கே சட்டம் போட்டு அதைத் தடுக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. அதன் 6-வது பிரிவு என்ன சொல்லிற்று? சம்பளத்தைச் செலாவணியில் உள்ள நாணயமாகவோ நோட்டாகவோ கொடுக்க வேண்டும் என்றது. பருத்தி விதையாகக் கொடுக்காதே, கடைச் சீட்டாகக் கொடுக்காதே, எந்தக் கடையிலும் செல்லும் காசாகக் கொடு என்பதே அதன் பொருள். அந்த ஒரு வரியின் அருமை பட்டவனுக்குத்தான் தெரியும். கொங்கு நாட்டுப் பண்ணைகளில் வள்ளத்தால் கூலி அளந்த காலத்தைப் பெரியவர்களிடம் கேளுங்கள். பண்ணாடி வாங்கும்போது வள்ளம் கோபுரமாகக் குவியும். ஆளுக்கு அளக்கும்போது விளிம்போடு வழிக்கப்படும்! அளவு யார் கையில் இருக்கிறதோ, லாபம் அவன் பக்கம்தான்.

பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரால் நடந்தது என்ன? பதினாறு, பதினேழு வயதுப் பெண்களை விடுதியில் அடைத்து, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை தருவதாக ஆசை காட்டினார்கள். சம்பளத்தின் ஒரு பங்கு முதலாளியின் கணக்குப் புத்தகத்திலேயே தங்கியது. நோய் வந்து நடுவில் வீடு திரும்பிய பெண்ணுக்கு அந்தத் தொகை கானல் நீர்! காசு கைக்கு வராமல் முதலாளியின் ஏட்டில் இருந்தால், அது உழைத்தவளின் காசு அல்ல. முதலாளியின் வாக்குறுதி மட்டுமே.

லிப்ரா என்ற மாயமான்

இனி 2019-க்கு வருவோம். அந்த ஜூன் 18-ம் தேதி பேஸ்புக் கம்பெனி, லிப்ரா என்ற பெயரில் ஒரு நாணயம் வெளியிடப் போவதாக அறிவித்தது. லிப்ரா என்றால் துலாம், தராசு! பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்தீர்களா? அப்போது அந்தக் கம்பெனியின் வலையில் மாதந்தோறும் 240 கோடிப் பேர். அதன் கையிலுள்ள வாட்ஸ்அப்பில் இந்தியர்கள் மட்டும் 40 கோடி. விசா, மாஸ்டர்கார்டு, பேபால், ஊபர், வோடபோன் எல்லோரும் கூட்டு. மொத்தம் 28 பேர்; தலைமையிடம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா. உள்ளே நுழையக் குறைந்தபட்சம் 1 கோடி டாலர் கட்ட வேண்டும். ஓட்டு ஆளுக்கு அல்ல, போட்ட முதலுக்கு!

எதற்காக இந்த நாணயம்? ஏழைகளுக்காகவாம்! உலகில் 170 கோடிப் பேருக்குப் பாங்குக் கணக்கு இல்லையாம்; அவர்கள் கஷ்டத்தைக் கண்டு கம்பெனியின் நெஞ்சு உருகிவிட்டதாம்! ஆஹா, என்ன கருணை! 8 கோடியே 70 லட்சம் பேரின் அந்தரங்க விவரங்கள் தேர்தல் தரகர்கள் கைக்குப் போகும்படி விட்டதற்காக, 2019 ஜூலையில் 500 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்ட அதே கம்பெனியின் கருணை இது.

கருணையின் உள்ளே புகுந்து பார்ப்போம். லிப்ராவுக்குப் பின்னால் பல நாட்டுப் பணங்களின் கூடை ஒன்று ஈடாக இருக்கும் என்றார்கள். கூடையில் என்னென்ன? டாலர் 50 சதவிகிதம், யூரோ 18, ஜப்பானிய யென் 14, இங்கிலாந்துப் பவுன் 11, சிங்கப்பூர் டாலர் 7. கூட்டிப் பாருங்கள், நூறு ஆகிவிட்டது. ரூபாய் எங்கே? இல்லை! பிரேசில் பணம்? இல்லை! ஆப்பிரிக்க நாடுகளின் பணம்? இல்லை! ஏழைகளுக்காக என்று சொல்லிப் புறப்பட்ட நாணயத்தில் எந்த ஏழை நாட்டுப் பணத்துக்கும் இடமில்லை.

அடுத்தது வட்டி. நீங்கள் ரூபாயைக் கொடுத்து லிப்ரா வாங்குகிறீர்கள். உங்கள் ரூபாயை டாலராக்கிக் கம்பெனிக் கூட்டம் கடன் பத்திரங்களில் போடுகிறது. அந்தப் பத்திரத்துக்கு வட்டி வரும். யாருக்கு? உங்களுக்குக் காலணாக் கிடையாது. செலவு போக மிச்சம் முதல் போட்ட கம்பெனிகளுக்கு என்று அவர்கள் அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். கணக்குப் போடுவோம். 10 கோடிப் பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால் 10,000 கோடி ரூபாய். நூற்றுக்கு 4 வட்டி என்றால் வருஷத்துக்கு 400 கோடி! முதல் உங்களுடையது, வட்டி அவனுடையது. நம் ஊர்க் கந்துவட்டிக்காரனாவது தன் காசைக் கொடுத்து வட்டி வாங்குகிறான். இவன் உங்கள் காசை வைத்தே வட்டி தின்கிறான்!

ரூபாய் சரிந்தால் யார் தலையில் விழும்?

"பணக்காரர்கள் டாலர் நாணயம் வாங்கினால் எனக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

ஒரு நாட்டின் பணம் அந்த நாட்டு ஜனங்களின் உழைப்புக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. விலைவாசி ஏறினால் ரிசர்வ் பாங்கு வட்டியைக் கூட்டும். தொழில் படுத்தால் குறைக்கும். டாலர் வெளியே ஓடினால் கதவைச் சாத்தும். இந்த அதிகாரம் இருந்தும் 2016-ல் 67 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. கதவே இல்லாத வீடாக இருந்தால் என்ன ஆகும்?

ரூபாய் ஆட்டம் காணும் நாளில் வசதியுள்ளவன் போனைத் தட்டி ஒரே நிமிஷத்தில் தன் பணத்தை டாலர் நாணயமாக மாற்றிவிடுவான். ஆயிரக்கணக்கானவர்கள் மாற்ற மாற்ற ரூபாய் இன்னும் சரியும். பாங்குகளில் வைப்புப் பணம் வற்றும். வைப்பு வற்றினால் விவசாயிக்குப் பயிர்க்கடன் ஏது? சிறு தறிக்காரருக்கு நூல் வாங்கக் கடன் ஏது? மண்ணெண்ணெயும், பெட்ரோலும், சமையல் எண்ணெயும் டாலர் கொடுத்து வாங்குகிறவை; விலை ஏறும். ஓடத் தெரிந்தவன் ஓடிவிட்டான். கூலிக்காரனோ வாரக் கூலியை ரூபாயில் வாங்கி, அன்றே அரிசிக் கடையில் கொடுக்கிறான். அவனுக்கு ஓட நேரமும் இல்லை, ஓட்டிச் செல்ல மிச்சமும் இல்லை. ரூபாய் சரியும்போது கடைசி வரை அதில் உட்கார்ந்திருப்பவன் அவன்தான்.

எல்சால்வடார் என்ற சின்ன நாடு 2021 செப்டம்பர் 7-ம் தேதி பிட்காயினைச் சட்டப்படி செல்லும் நாணயமாக்கியது. ஆளுக்கு 30 டாலர் இனாம் கொடுத்துப் போனில் போட்டார்கள். ஜனங்கள் அந்த 30 டாலரைச் செலவழித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். கடைசியில் சர்வதேச நிதி நிறுவனத்திடம் கடன் வாங்கப் போய், 2025 ஜனவரியில் அந்தச் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. கென்யாவில் இன்னும் கொடுமை. வோர்ல்டுகாயின் என்ற கூட்டத்தார் ஏழைகளை வரிசையில் நிறுத்தி, கண்மணியைப் படம் பிடித்துக்கொண்டு, கூலியாகத் தங்கள் நாணயத்தைக் கொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் கென்ய சர்க்கார் அதை நிறுத்தியது. பசியுள்ளவனிடம் கண்ணையே அடகு கேட்கத் துணிந்தவர்கள் இவர்கள்!

கடிவாளம் போட முடியும்!

"தொழில் நுட்பத்தை யாராலும் தடுக்க முடியாது" என்று ஒரு கூட்டம் சதா பஜனை பாடுகிறது. லிப்ராவின் கதை இந்தப் பொய்யை உடைத்தெறிந்தது.

அறிவிப்பு வந்த சில வாரங்களிலேயே, 2019 ஜூலையில், நம் நிதித் துறைச் செயலாளர் சுபாஷ் சந்திர கார்க், தனியார் நாணயம் எங்களுக்கு உடன்பாடானதல்ல என்று சொன்னார். பிரான்சும் ஜெர்மனியும் எதிர்த்தன. அக்டோபரில் பேபால் முதலில் கழன்றது. ஒரே வாரத்தில் விசாவும் மாஸ்டர்கார்டும் பின்னால் ஓடின. அக்டோபர் 23-ம் தேதி மார்க் ஜுக்கர்பெர்க் அமெரிக்கப் பார்லிமெண்டின் கமிட்டி முன் கைகட்டி நிற்க நேர்ந்தது. அங்கே அவர் என்ன வாதம் செய்தார்? ஏழைகளைப் பற்றிய பேச்சோடு இன்னொன்றும் சொன்னார்: லிப்ரா பெரும்பாலும் டாலரை ஈடாகக் கொண்டது, அமெரிக்காவின் நிதித் தலைமையை அது விரிவாக்கும் என்றார். பூனை வெளியே வந்துவிட்டது!

2020 டிசம்பரில் லிப்ரா, டியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறினாலும் ஜாதகம் மாறவில்லை. 2022 ஜனவரி 31-ம் தேதி சரக்கை எல்லாம் சில்வர்கேட் என்ற அமெரிக்க பாங்குக்கு விற்றுவிட்டுக் கடையைக் கட்டினார்கள். வாங்கிய பாங்கும் 2023 மார்ச்சில் மூடுவிழா நடத்தியது.

அமெரிக்க, ஐரோப்பிய சர்க்கார்கள் ஏழைகள் மேல் அன்பு கொண்டு இதைச் செய்யவில்லை. தங்கள் நாணய அதிகாரத்தில் ஒரு கம்பெனி பங்கு கேட்டது. அவர்கள் சீறினார்கள், அவ்வளவே. ஆனால் பாடம் பாடம்தான். சர்க்கார் நினைத்தால், ஜனங்கள் விழித்திருந்தால், எந்த ராட்சசக் கம்பெனிக்கும் கடிவாளம் போட முடியும்.

ஏழை நாடுகளாலும் முடியும். பிரேசிலைப் பாருங்கள். 2020 ஜூன் 15-ல் வாட்ஸ்அப் அங்கே பணப் பட்டுவாடாவைத் தொடங்கியது. எட்டே நாளில் அந்த நாட்டு மத்திய பாங்கு அதை நிறுத்தி வைத்தது. நவம்பரில் பிக்ஸ் என்ற தன் சொந்த வாய்க்காலை வெட்டித் திறந்தது. சாதாரண ஜனங்களுக்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகே, 2021-ல், நிபந்தனைகளோடு வாட்ஸ்அப்பை உள்ளே விட்டது. நம் நாட்டிலும் 2016 பிப்ரவரி 8-ம் தேதி, இலவச இன்டர்நெட் என்ற பெயரில் பேஸ்புக் விரித்த வலையை டிராய் அமைப்பு அறுத்தெறிந்தது. பட்டுவாடா விவரங்களை இந்தியாவிலேயே வைக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. கீழ்ப்படியாத மாஸ்டர்கார்டுக்கு 2021 ஜூலையில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை விழுந்தது; சுமார் ஒரு வருஷம் கழித்து, வழிக்கு வந்த பிறகே தடை நீங்கியது.

புதிய வேஷம், பழைய கூத்து

லிப்ரா செத்தது, லிப்ராவைப் பெற்ற பேராசை சாகவில்லை. 2025 ஜூலை 18-ம் தேதி அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. ஜீனியஸ் சட்டம் என்று அதற்குப் பெயர். டாலருக்கு டாலர் ஈடு வைத்துத் தனியார் நாணயம் வெளியிட அது ராஜபாட்டை போட்டுக் கொடுத்தது. ஈடு என்பது டாலர் ரொக்கமும், அமெரிக்க சர்க்காரின் குறுகிய காலக் கடன் பத்திரமும். நாணயத்தை வைத்திருப்பவனுக்கு வெளியிடுகிறவன் வட்டி கொடுக்கவே கூடாது என்றும் எழுதிவிட்டார்கள்! அதாவது, உலகத்து ஏழைகள் இந்த நாணயத்தை வாங்க வாங்க, அமெரிக்க சர்க்காருக்கு மலிவுக் கடன், கம்பெனிக்கு வட்டி, வாங்கினவனுக்குப் பட்டை நாமம். உலகில் டாலரின் இடத்தை இது பலப்படுத்தும் என்று அமெரிக்க ஆட்சியாளர்களே மார் தட்டினார்கள். பேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டா, இந்த மாதிரி நாணயங்களைத் தன் வலையில் புழங்கவிடப் பேச்சு நடத்துவதாக 2025 மே மாதமே செய்திகள் வந்தன.

சொந்த வாய்க்கால் வெட்டிய பிரேசிலுக்கு என்ன பரிசு? 2025 ஜூலையில் அமெரிக்க சர்க்கார் அந்த நாட்டின் மேல் வர்த்தக விசாரணையைத் தொடங்கியது. குற்றப் பட்டியலில் அதன் மின்னணுப் பட்டுவாடா முறையும் ஒன்று! உன் ஜனங்களுக்கு நீ இலவச வாய்க்கால் வெட்டினால், எங்கள் கம்பெனியின் மதகுக்கு யார் வருவார்கள் என்பதே இதன் அர்த்தம். இன்று பிரேசில், நாளை யார்?

நம் வாய்க்காலில் யார் மதகு?

நம் யு.பி.ஐ. முறை பாங்குகள் சேர்ந்து அமைத்த லாப நோக்கமில்லாத ஸ்தாபனம் வெட்டிய வாய்க்கால். 2016-ல் தொடங்கியது, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடித் தடவை பணம் கைமாறியது. டீக்கடைக்காரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதில் நூற்றுக்குச் சுமார் எண்பது இரண்டே கம்பெனிகளின் வழியாகப் போகிறது. ஒன்று போன்பே, பெரும் பங்கு அமெரிக்க வால்மார்ட்டுக்கு. மற்றொன்று கூகுள் பே. முழுதும் அமெரிக்கக் கூகுளுக்கு.

எந்த ஒரு கம்பெனிக்கும் 30 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்று 2020 நவம்பரில் விதி அறிவித்தார்கள். பேஷ் என்று கை தட்டினோம். 2022 கடைசிக்குள் குறைக்க வேண்டும் என்றார்கள்; பிறகு 2024 கடைசி என்றார்கள்; அதன் பிறகு 2026 கடைசி என்றார்கள். மில் தொழிலாளி ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் கேட்டைச் சாத்துகிறவர்கள், கோடீஸ்வரக் கம்பெனிக்கு வருஷக் கணக்கில் தவணை கொடுக்கிறார்கள்! வாட்ஸ்அப் பட்டுவாடாவுக்கு 2 கோடிப் பேர் என்று 2020-ல் வைத்த வரம்பைப் படிப்படியாகத் தளர்த்தி, 2024 டிசம்பர் 31-ம் தேதி முழுதாக எடுத்துவிட்டார்கள். 2020-ல் பேஸ்புக் 43,574 கோடி ரூபாயும், கூகுள் 33,737 கோடி ரூபாயும் அம்பானியின் ஜியோவில் கொட்டியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். வெளிநாட்டு ஏகபோகமும் உள்நாட்டு ஏகபோகமும் சம்பந்திகள் ஆகிவிட்டன.

கிரிப்டோ விஷயத்தில் நம் சர்க்காரின் லட்சணம் என்ன? 2018-ல் ரிசர்வ் பாங்கு போட்ட தடையை 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. 2021-ல் சட்டம் வரும் என்று பார்லிமெண்டு நிகழ்ச்சி நிரலில் போட்டார்கள். மசோதா வரவே இல்லை. 2022-ல் லாபத்துக்கு 30 சதவிகித வரி மட்டும் வந்தது. சூதாட்டத்தில் சர்க்காருக்குப் பங்கு உண்டு. தோற்றவனுக்குப் பாதுகாப்பு இல்லை! 2024 ஜூலையில் வஸிர்எக்ஸ் என்ற சந்தையில் சுமார் 2,000 கோடி ரூபாய் திருடு போயிற்று. பணம் போட்டவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் கையைப் பிசைந்து நின்றார்கள்.

கொங்குச் சீமைக்கு இந்த வலி தெரியும். திருப்பூர் பாசி நிறுவனம் அன்னிய நாணய வியாபாரம் என்று சொல்லி 900 கோடி ரூபாய்க்கு மேல் வாரிச் சுருட்டியது 2009 வாக்கில்; கோவை கோர்ட்டு அதன் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு தண்டனை விதித்தது 2022-ல். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி. இப்போது போனில் நாணயம். கோழி மாறுகிறது, ஏமாறுகிறவனின் சேமிப்பு மட்டும் அதே சேமிப்பு!

எதிரியின் வாதங்கள்

ஒரு வாதத்தை நேர்மையாக எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் உழைக்கிறவன் வீட்டுக்குப் பணம் அனுப்பினால் தரகும் மாற்றுக் கூலியும் பிடிக்கிறார்கள், கம்பெனி நாணயம் வந்தால் அது மிச்சம் என்கிறார்கள். தரகுக் கொள்ளை உண்மை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேகும் நம் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். ஆனால் மருந்து எது? 2023 பிப்ரவரி 21-ம் தேதி நம் யு.பி.ஐ.யையும் சிங்கப்பூரின் பேநவ் முறையையும் இணைத்தார்கள். ரூபாய் ரூபாயாகவே வந்து சேருகிறது. ஜெனீவாக் கூட்டம் தேவைப்படவில்லை. அதை வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் விரிவாக்கு என்று கேட்பதல்லவா நியாயம்?

இன்னொரு வாதம்: "சர்க்கார் மட்டும் யோக்கியமா? 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி நோட்டைச் செல்லாது என்றதும் சர்க்கார்தானே?" ஆம்! அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. புழக்கத்தில் இருந்த பணத்தில் 86 சதவிகிதத்தை ஒரே இரவில் முடக்கினார்கள். வார நாளில் கூலி கொடுக்கக் காசில்லாமல் தறிப்பட்டறைகள் நின்றன. கறுப்புப் பணம் பிடிபட்டதா? 99 சதவிகித நோட்டு திரும்பி வந்துவிட்டது! ஆனால் இதிலிருந்து பெறும் முடிவு என்ன? சர்க்காரை ஓட்டுப் போட்டு இறக்கலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம், ரோட்டில் நின்று கேள்வி கேட்கலாம். கலிபோர்னியாக் கம்பெனியின் டைரக்டர் சபையைப் பீளமேட்டுத் தொழிலாளி என்ன செய்ய முடியும்? சர்க்கார் தவறினால் அதைத் திருத்துவதே வழி. நாணயத்தைக் கம்பெனிக்குத் தாரை வார்ப்பது வழி அல்ல.

சம்பளச் சட்டத்தில் நுழைந்த இரண்டு வார்த்தை

கடைசியாக, நம் கைக்கு நேராக வரும் விஷயம். நோட்டுத் தடையின் சூடு ஆறுமுன், 2017-ல், பழைய சம்பளச் சட்டத்தைத் திருத்தினார்கள். தொழிலாளியின் எழுத்துச் சம்மதம் இல்லாமலே பாங்கில் கட்டலாம் என்றார்கள். 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்போ, நாணயம், நோட்டு, செக், பாங்குக் கணக்கு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "மின்னணு முறை" என்ற இரண்டு வார்த்தையையும் சேர்த்துக்கொண்டது.

யாருடைய மின்னணு முறை? பாங்கின் முறையா, கம்பெனிப் பணப்பையா? கம்பெனிப் பணப்பையில் போட்ட சம்பளத்தை நோட்டாக எடுக்கக் கட்டணம் வைத்தால் யார் கேட்பது? சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்று பூட்டுப் போட்டால்? பணத்தை இந்த மாதிரிப் பூட்டுவது இன்று தொழில் நுட்பத்துக்குச் சிரமமே அல்ல. இலங்கையில் செம்புத் தகடு செய்த வேலையைப் போன் செய்துவிடும்!

எனவே நாம் கேட்கிறோம்:

சம்பளம் ரூபாயில்தான், தொழிலாளி விரும்பினால் நோட்டாக, அல்லது அவர் தேர்ந்தெடுக்கும் பாங்குக் கணக்கில். கம்பெனிப் பணப்பையிலோ, கம்பெனி நாணயத்திலோ சம்பளம் கூடாது என்று விதியில் பச்சையாக எழுது!

தனியார் நாணயத்தைப் பட்டுவாடாவுக்குப் பயன்படுத்த இந்தியாவில் இடமில்லை என்று பார்லிமெண்டில் சட்டம் கொண்டு வா! வரியோடு நிற்காதே; பணம் இழந்தவனுக்குப் பரிகாரம் சொல்!

30 சதவிகித வரம்பை இனியும் தள்ளிப் போடாதே! பொதுத் துறை பாங்குகளின் பட்டுவாடாச் செயலியைப் பலப்படுத்து!

நம் பட்டுவாடா முறையையோ, விவரங்கள் நம் நாட்டில்தான் இருக்க வேண்டும் என்ற விதியையோ எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் பேரம் பேசாதே!

ரிசர்வ் பாங்கு 2022 டிசம்பரில் சோதனையாக ஆரம்பித்த டிஜிட்டல் ரூபாயானாலும் சரி, கூலிக்காரன் எங்கே, எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று பூட்டுப் போடாதே!

இந்தக் கோரிக்கைகளைக் கேட் கூட்டத்தில் பேசுங்கள். களை எடுக்கும் காட்டில் பேசுங்கள். உங்கள் மில்லில் சம்பளம் எந்த வழியாக வருகிறது, இடையில் யார் பிடிக்கிறார்கள் என்று விசாரித்து எழுதி வையுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பக்கத்து மெஷினில் நிற்கும் சகோதரனையும் கேளுங்கள். அவன் ஊருக்கு அனுப்பும் பணமும் இதே வாய்க்காலில்தான் போகிறது.

டீக்கடையில் கேட்ட பெரியவருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "இன்னிக்கு இது உங்க காசுங்க. நாளைக்கும் உங்க காசா இருக்கணும்னா, நாம விழிச்சிருக்கோணும்." அவர் தலையை ஆட்டிக்கொண்டு, போனை மடியில் செருகினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டிச் சிரித்தார்: "இதை எடுத்துக் குடுக்கறதுக்கு எவன் மொகத்தையும் பாக்க வேண்டியதில்லீங்க!"

அந்தச் சுதந்திரத்தை எந்தக் கம்பெனிக்கும் விற்க மாட்டோம்!